ஐதிகமும் அனுமானமும்: அமானுஷ்யக் குற்றப்புனைவில் துப்பறிவாளர் – அந்தமானை முன்வைத்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

துப்பறியும் தொடர்க்கதைக்குத் தலைமைப் பாத்திரம் படைத்தல் என்பது அப்பாத்திரத்தின் தோற்றம், பழக்கவழக்கம், தொழில், உதவியாளர் ஆகியவற்றைத் தீர்மானிப்பதே எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. குழாய்ப் புகைப்பானும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஒருவரைத் துப்பறிவாளர் ஆக்கிவிடுவதாக வாசகர் மட்டுமன்றி எழுத்தாளரும் நம்புவதுண்டு. அமானுஷ்யக் கூறுகள் கலந்த குற்றத் தொடருக்கு இவை போதா. அத்தகைய தொடரில் குற்றம் நிகழ்ந்த இடத்தைச் சுற்றி எப்போதும் ஒரு பேச்சு நிலவுகிறது: அங்கே பேய் உலவுகிறதாம்; சாமி தண்டித்ததாம்; அந்தத் தீவுக்குப் போனவர் திரும்பியதில்லையாம். இப்பேச்சைத் துப்பறிவாளர் என்ன செய்கிறார் என்பதே அவரை வரையறுக்கிறது. பேய் உண்டா இல்லையா என்னும் வினா இரண்டாவதாகவே வருகிறது.

இக்கருத்தை மூன்று நிலைகளில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். முதலாவது, தமிழ் அளவை மரபு. இரண்டாவது, தமிழின் வினைமுற்று அமைப்பு. மூன்றாவது, அந்தமான் தீவுகளைக் களமாகவோ பின்புலமாகவோ கொண்ட புனைவுகள். உலகின் மிகப் புகழ்பெற்ற துப்பறிவாளர் தம் முறையிலிருந்து வழுவிய ஓர் இடம் அந்தமானைப் பற்றியதாக அமைந்திருப்பதே இக்களத்தைத் தேர்ந்ததற்குக் காரணம்.

2. மரத்தில் உறையும் தெய்வம்

மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் வைதிக அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். காண்டலும் கருதலும் அவற்றுள் முதன்மையானவை. வரிசையில் ஐதிகம் என்பதும் ஒன்று. உலகோர் வழிவழியாகக் கூறிவரும் உரையைக் கேட்டுத் தெளிவது ஐதிகம். இதற்குச் சாத்தனார் தரும் எடுத்துக்காட்டு, இம்மரத்தில் ஒரு தெய்வம் உண்டு என்று உலகம் சொல்ல அதனை ஏற்பது என்பதாகும். செவிவழிச் செய்திக்கு வேறு எத்தனையோ எடுத்துக்காட்டுகள் இருக்க, கண்ணுக்குப் புலனாகாத ஒன்றைப் பற்றிய ஊர்ப்பேச்சே தேர்ந்துகொள்ளப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. அமானுஷ்யம் என்பது பெரும்பாலும் ஐதிகத்தின் வழியாகவே ஒருவரை வந்தடைகிறது.

இதற்கு மறுதலையாக, பின்னர் வரும் காதையில் அறவண அடிகள் பௌத்த அளவையை விளக்குமிடத்து, காண்டல், கருத்தளவு என இரண்டே அளவைகள் என்கிறார். ஏனைய எட்டையும் அவர் பொய் எனத் தள்ளவில்லை. அவை அனுமானத்துள் அடங்கும் என்கிறார். துப்பறியும் புனைவின் நோக்கில் இவ்வேறுபாடு பெரிது. ஊர்ப்பேச்சை உண்மை என ஏற்பவர் பக்தர். பொய் என ஒதுக்குபவர் மறுப்பாளர். ஊர்ப்பேச்சே ஒரு தடயம், அது இருக்கிறது என்பதிலிருந்து வேறொன்றை உய்த்தறியலாம் எனக் கொள்பவரே துப்பறிவாளர். மரத்தில் தெய்வம் உண்டு என்னும் பேச்சு எப்போது தொடங்கியது, யார் சொன்னார், அம்மரத்தை எவரும் அணுகாதிருப்பதால் யாருக்கு நன்மை என்று வினவுவது ஐதிகத்தை அனுமானத்துள் அடக்குவதாகும்.

3. '-ஆம்' என்னும் இடைச்சொல்

ஒரு செய்தி எவ்வழி அறியப்பட்டது என்பதை வினைமுற்றிலேயே உணர்த்தும் வசதி தமிழில் உண்டு. கீழ்வரும் தொடர்களை ஒப்பிடலாம்.

(அ) தோட்டத்தில் ஓர் உருவம் நின்றது.
(ஆ) தோட்டத்தில் ஓர் உருவம் நின்றதாம்.
(இ) தோட்டத்தில் ஓர் உருவம் நின்றிருக்கிறது.
(ஈ) தோட்டத்தில் ஓர் உருவம் நின்றிருக்க வேண்டும்.
(உ) தோட்டத்தில் ஓர் உருவம் நிற்பதுபோல் இருந்தது.

முதலாவது, கூறுவோன் தன் பொறுப்பில் உரைப்பது. இரண்டாவது, பிறர் வாய்க் கேட்டது. மூன்றாவது, காலடித் தடம் போன்ற ஓர் எச்சத்தைக் கண்டு உணர்ந்தது. நான்காவது, காரணம் காட்டி முடிவு செய்தது. ஐந்தாவது, கண்ட பொருளில் ஐயம் நீங்காதது. துப்பறியும் கதையின் இயக்கம் முழுவதையும் இவ்வைந்து வடிவங்களின் இடப்பெயர்ச்சியாகக் காட்டிவிடலாம். கதை (ஆ) வடிவில் தொடங்குகிறது. துப்பறிவாளர் (இ), (ஈ) வடிவங்களின் வழியே நடக்கிறார். இறுதியில் (அ) வடிவில் தீர்ப்புரைக்கிறார். பேய்க்கதையோ (ஆ), (உ) ஆகியவற்றை விட்டு நீங்க மறுக்கிறது. இரண்டையும் கலக்க முனையும் எழுத்தாளர், எந்த வாக்கியத்தை எந்த ஈற்றில் முடிப்பது என்பதை ஒவ்வொரு முறையும் தீர்மானித்தே ஆகவேண்டும்.

தன்மை இடத்தோடு '-ஆம்' சேரும்போது நிகழ்வது மேலும் கருதத்தக்கது. 'நான் ஆடினேனாம்' என்று ஒருவர் கூறுவாராயின், தம் செயலைத் தாமே அறியாது பிறர் சொல்லக் கேட்டதாகப் பொருள்படும். சாமி வந்து ஆடியவர், மயங்கிக் கிடந்தவர், குடிபோதையில் இருந்தவர் ஆகியோர்க்கே இத்தொடர் இயல்பாகப் பொருந்தும். 1990களில் தொலைக்காட்சித் தொடராக வந்த இந்திரா சௌந்தர்ராஜனின் 'விடாது கருப்பு' காவல்தெய்வத்தின் தண்டனை என ஊர் நம்பும் கொலைகளுக்கு ஆளுமைப் பிளவு என்னும் உளவியல் விளக்கத்தைத் தருகிறது. அத்தகைய கதையில் குற்றவாளியின் ஒப்புதல் வாக்குமூலம் 'நான் செய்தேன்' என அமையாது. 'நான் செய்தேனாம்' என்றே அமைய இயலும். ஆட்கொள்ளப்படுதலுக்கென இலக்கணம் ஒன்று தமிழில் ஆயத்தமாக இருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

4. தொடர்நாயகர் சிக்கல்

தனிக் கதைக்கும் தொடருக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு கதையிலும் பேய் பொய்யெனத் தெளிவாகுமானால், இரண்டாம் கதைக்குள் வாசகரின் அச்சம் அற்றுப்போகும். ஒவ்வொரு கதையிலும் பேய் மெய்யாகுமானால், துப்பறிய ஒன்றும் இராது. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்து விதிகளுள் இரண்டாவது, அமானுஷ்ய ஆற்றல்களை முற்றாக விலக்கியது. அதற்கு முன்னரே வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன் தம் பேய் தேடும் துப்பறிவாளரான கார்னக்கியின் கதைகளில் (நூலாக 1913) வேறு வழி கண்டிருந்தார். சில கதைகளில் பேய் மனிதச் சூழ்ச்சி, சிலவற்றில் மெய், சிலவற்றில் சூழ்ச்சியும் மெய்யும் கலந்தவை. எவ்வகை எனக் கார்னக்கிக்கே முன்கூட்டித் தெரியாமையால் ஒவ்வொரு முறையும் அவர் சோதித்தே அறிய வேண்டியவராகிறார்.

இந்திய மொழிகளில் இச்சிக்கல் பெரும்பாலும் இருவரைப் படைப்பதன் வாயிலாகத் தீர்க்கப்பட்டது. வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாய் உண்மை தேடும் வ்யோம்கேஷையும் பேய்க்கதை சொல்லும் வரதாவையும் தனித்தனியே படைத்து, பின் ஒரு கதையில் இருவரையும் எதிரெதிரே அமர்த்தினார். தமிழில் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' கணேஷ், வசந்த் என்னும் இரட்டையரைப் பயன்படுத்திக்கொள்கிறது. அறிவியல் விளக்கத்தை நாடும் கணேஷும் ஆவியை ஒதுக்க இயலாத வசந்தும் ஒரே நிகழ்ச்சியை இரு வேறு ஈறுகளால் உரைக்கின்றனர். முப்பரிமாண ஒளிப்படத் தொழில்நுட்பம் விளக்கமாக முன்வைக்கப்பட்ட பின்னரும் ஐயம் முற்றாக நீங்காமல் நாவல் முடிகிறது. விளக்கத்தில் தொழில்நுட்பப் புதுமை இருந்தது. ஆயினும் நாவலை நிலைநிறுத்தியது அந்த ஐயமே.

இரு போக்குகளும் தமிழில் ஒரே கையில் தொடங்கியவை என்பது ஈண்டு நினையத்தக்கது. தமிழின் முதல் துப்பறியும் புனைவாகச் சுட்டப்பெறும் 'தானவன்' (1894) நூலை எழுதிய ச. ம. நடேச சாஸ்திரி, தென்னிந்திய நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் வெளியிட்டவரும் ஆவார். ஊரார் சொன்ன கதையைச் சொன்னவாறே பதிவு செய்யும் தொகுப்பாளரும், ஊரார் சொல்வதை ஐயுறும் போலீஸ் நிபுணனைப் படைத்தவரும் ஒருவரே.

5. அந்தமானில் வழுவிய முறை

1890ஆம் ஆண்டு பிப்ரவரியில் லிப்பின்காட் மாத இதழில் வெளிவந்தது ஆர்தர் கோனன் டாயிலின் 'தி சைன் ஆஃப் ஃபோர்'. லண்டனை அடுத்த பாண்டிச்சேரி லாட்ஜ் என்னும் மாளிகையில், உட்புறம் பூட்டிய அறையில் ஒருவர் முகத்தில் விகாரச் சிரிப்புடன் இறந்து கிடக்கிறார். தூசியில் பதிந்த காலடிகள் வளர்ந்த மனிதனின் காலடியில் பாதி அளவே உள்ளன. கண்ட வாட்சன் நடுங்குகிறார். பேய்க்கதைக்கு வேண்டிய அனைத்தும் அமைந்த காட்சி இது. ஷெர்லாக் ஹோம்ஸ் அதனைத் தடயங்களாக மாற்றுகிறார்: காலணி அணியாமையால் விரிந்த விரல்கள், நச்சு முள், கல் பதித்த தண்டு. இதுவரை நிகழ்வது தூய அனுமானம்.

அடுத்து ஹோம்ஸ் புதிதாக வெளிவரும் ஒரு நிலவியல் அகராதியின் முதல் தொகுதியை எடுத்து, அதுவே மிக அண்மைய சான்று எனக் கூறி, அந்தமான் தீவினர் பற்றிய பகுதியைப் படிக்கிறார். அவர்கள் நான்கடிக்கும் குறைந்த உயரமுடையவர், விகார உருவினர், மனிதரைத் தின்பவர் என்பது அதன் சாரம். ஹோம்ஸ் ஒரு வினாவும் எழுப்பாமல் நூலை மூடுகிறார். உண்மை வேறு. அத்தீவுகளில் பல்லாண்டு பணிபுரிந்த ஈ. எச். மேன் 1880களில் வெளியிட்ட ஆய்வு, நரமாமிசப் பழக்கத்தை மறுத்தது. ஆடவரின் சராசரி உயரம் நான்கடி பத்து அங்குலத்துக்கும் மேற்பட்டது என்பதையும் அளந்து காட்டியது. அத்தீவினரின் கருவி வில்லும் அம்பும். நச்சு முள்ளை ஊதி எய்யும் குழாய் அவர்களிடம் இருந்ததில்லை.

நிலவியல் அகராதியின் கூற்றுக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அத்தீவினரை நாய்த்தலையர் என்றும் மனிதரைத் தின்பவர் என்றும் எழுதினார். கப்பலோட்டிகளின் பேச்சு பயண நூலாகி, பயண நூல் அகராதியாகி, அகராதி துப்பறிவாளரின் சான்றாயிற்று. இடையில் '-ஆம்' உதிர்ந்து, கேட்டது கண்டதாயிற்று. அச்சேறிய ஐதிகத்தை ஹோம்ஸ் ஐதிகம் என அறியவில்லை. 1924இல் வெளிவந்த சசெக்ஸ் ரத்தக்காட்டேரிக் கதையில் தம் தொழிலில் பேய்க்கு இடமில்லை என உறுதிபடக் கூறும் அதே துப்பறிவாளரின் நிலை இது.

நாவலுக்குள்ளேயே இதற்கு மாற்றுச் சான்று இருப்பது இன்னும் வியப்புக்குரியது. பிடிபட்ட ஜோனதன் ஸ்மால் தரும் வாக்குமூலத்தில், நோயுற்றுக் கிடந்த டோங்கா என்னும் தீவினனைத் தான் பேணிக் காத்ததையும், அவன் சிறந்த படகோட்டி என்பதையும், இங்கிலாந்தில் பிழைப்புக்காக அவனைச் சந்தைகளில் நரமாமிசம் உண்பவனாகக் காட்சிப்படுத்தியதையும் கூறுகிறான். பச்சை இறைச்சியைத் தின்பதும் போர்க்கூத்தாடுவதும் காசுக்காக நிகழ்த்தப்பட்ட வேடிக்கை. அகராதி கூறியது காட்சிச்சாலை நடிப்போடு ஒத்திருப்பதைக் கேட்ட துப்பறிவாளர் அகராதியை ஐயுற்றிருக்க வேண்டும். ஹோம்ஸ் அவ்வாறு செய்யவில்லை. டோங்காவோ தேம்ஸ் ஆற்றில் சுடப்பட்டு இறந்துவிட்டான். அவன் கூற்றாக நாவலில் ஒரு வாக்கியமும் இல்லை.

6. பேய் யார்?

ஏ. ஆர். ராட்கிளிஃப்-பிரவுன் 1906 முதல் 1908 வரை நிகழ்த்திய களப்பணியின் அடிப்படையில் 1922இல் வெளியிட்ட 'அந்தமான் தீவினர்' என்னும் நூல், 'லாவு' என்னும் சொல்லை விரிவாக ஆராய்கிறது. இறந்தோரின் ஆவி, காட்டிலும் கடலிலும் உறையும் ஆவி ஆகியவற்றைச் சுட்டும் அச்சொல், வெளியிலிருந்து வந்த அயலாரையும் குறித்தது. லண்டன் வாசகருக்குத் தீவினன் அரைப்பேயாகத் தோன்றிய காலத்தில், தீவினருக்கு அயலாரே ஆவிகளாகத் தோன்றினர். 1858இல் நிறுவப்பெற்ற தண்டனைக் குடியேற்றமும் அதனைத் தொடர்ந்து பரவிய நோய்களும் பெரிய அந்தமானியரை ஏறத்தாழ அழித்தமையை எண்ணும்போது, இரு ஐதிகங்களுள் எது மெய்க்கு அணித்தாயிருந்தது என்பதை அனுமானிப்பது கடினமன்று. 'போ' மொழியின் இறுதிப் பேச்சாளரான மூத்த போவா 2010 ஜனவரி 26 அன்று மறைந்தார். அன்விதா அப்பியின் ஆய்வுகளும் 2012இல் வெளியான அவரது பெரிய அந்தமானிய அகராதியும் இல்லையெனில் அம்மொழிகளின் சாட்சியம் பெரிதும் இழக்கப்பட்டிருக்கும்.

ஐதிகத்தை முற்றாக ஒதுக்குவதும் பிழையே என்பதற்கும் இத்தீவுகள் சான்றளிக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது சின்ன அந்தமானில் வாழும் ஓங்கே மக்கள் கரையை விட்டு மேட்டு நிலத்துக்குச் சென்று உயிர்தப்பினர். இதனை ஆறாம் அறிவு என வியந்தோர் உளர். நிலம் நடுங்கினால் கடல் பின்வாங்கிப் பெருகும் என்னும் முன்னோர் உரை வழிவழியாக வந்தது என்பதே பொருத்தமான விளக்கம். அமானுஷ்ய ஆற்றலாகத் தோன்றியது, செவிவழி காத்துவைக்கப்பட்ட அறிவு.

சுனில் கங்கோபாத்யாயின் காகாபாபு வரிசையில் அந்தமானைக் களமாகக் கொண்ட 'சபுஜ் த்வீபேர் ராஜா' (தபன் சின்ஹா இயக்கத்தில் 1979இல் திரைப்படமானது) டாயிலைவிடப் பரிவு மிக்கது. ஜாராவாக்களின் காட்டில் எரியும் விந்தை நெருப்புக்கு அதில் இயற்கை விளக்கம் உண்டு. திருட வருவோர் அயலார். எனினும் ஜாராவாக்களின் சார்பில் பேசுபவர் அவர்களிடையே அரசராக வாழும் முதிய வங்கப் புரட்சியாளரே. பழி நீங்கியது, தீவினர் தம் மொழியில் பேசும் உரிமை அங்கும் வழங்கப்படவில்லை.

தமிழில் அந்தமானைக் களமாகக் கொண்ட தொடர் ஒன்று எழுதப்படுமாயின் அதன் நாயகர்க்கு வேண்டும் தகுதி இதிலிருந்து பெறப்படும். 2011 கணக்கெடுப்பின்படி அங்கு வங்காளம், இந்தி ஆகியவற்றை அடுத்து மிகுதியாகப் பேசப்படும் தாய்மொழி தமிழ். மக்கள்தொகையில் அதன் பங்கு ஏறத்தாழ 15 விழுக்காடு. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் ஒரு சாட்சியம் வங்காளத்தில் பிறந்து, பொதுமொழியான இந்தியில் கூறப்பட்டு, தமிழில் விளங்கிக்கொள்ளப்படலாம். ஒவ்வொரு படியிலும் யார் கண்டார், யார் கேட்டார் என்பது மாறக்கூடும். எனவே அத்துப்பறிவாளரின் தலையாய கருவி மொழியறிவே. சிற்றறைச் சிறையின் அறைகளில் ஒன்றில் இரவில் அழுகுரல் கேட்கிறதாம் என்னும் பேச்சை அவர் எதிர்கொள்ள நேர்ந்தால், பேயைத் தேடுவதற்கு முன், அப்பேச்சு எம்மொழியில் எவரால் தொடங்கப்பட்டது என்பதைத் தேட வேண்டும்.

7. மொழிபெயர்ப்பாளர் கடன்

மேற்கூறியவை மொழிபெயர்ப்புக்கும் நேரடியாகப் பொருந்தும். ஆங்கிலத்தில் செவிவழிச் செய்தியை உணர்த்த வினையீறு இல்லை. வினையடையாக வரும் சில சொற்கள் பிறர் சொல்லக் கேட்டதையும் தடயத்தால் உய்த்ததையும் வேறுபாடின்றிச் சுட்டுகின்றன. தமிழாக்குவோர் 'வந்தானாம்', 'வந்திருக்கிறான்' என்னும் இரண்டில் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். தெரிவு பிழைத்தால் துப்பறிவாளர் இன்னும் அறியாததை மொழிபெயர்ப்பு அறிந்ததாக்கிவிடும். அல்லது அவர் நிறுவியதை வதந்தியாக்கிவிடும்.

ஹோம்ஸ் படிக்கும் அகராதிப் பகுதி இதற்குத் தக்க சோதனை. 'தீவினர் மனிதரைத் தின்பர்' என நேரே முடிப்பது நூற்றாண்டுப் பழியைத் தமிழ் தன் பொறுப்பில் மீண்டும் கூறுவதாகும். 'தின்பராம்' என முடிப்பதிலும் இடர் உண்டு. '-ஆம்' எள்ளலையும் உணர்த்தும். 'இவர் பெரிய துப்பறிவாளராம்' என்பதில் கேள்வியைவிட ஏளனமே மிகுதி. ஹோம்ஸ் அகராதியை எள்ளவில்லை, நம்பினார் என்பதே மூலத்தின் நிலை. அதனை மாற்றுவது மொழிபெயர்ப்பாளர் உரிமையன்று. 'தின்பர் என இந்நூல் குறிக்கிறது' என்பது போன்று கூற்றின் உரிமையாளரைப் பெயர் சுட்டி நிறுத்துவதே இவ்விடத்தில் தகும். ஹோம்ஸின் நம்பிக்கை காக்கப்படும். நம்பிக்கையின் ஊற்றும் வாசகர் கண்ணுக்குத் தெரியும்.

'லாவு' போன்ற சொற்களைப் பேய் எனவோ ஆவி எனவோ பெயர்ப்பதும் இத்தகைய இழப்பையே விளைவிக்கும். பேய் என்றால் அயலார் மறைவர். அயலார் என்றால் ஆவி மறையும். மூலச்சொல்லை நிறுத்தி முதல் வருகையில் இரு பொருளையும் விளக்குவது, வாசகரையே சிறிது துப்பறியச் செய்யும்.

8. முடிவுரை

அமானுஷ்யக் குற்றப்புனைவின் தொடர்நாயகர் பேயை நம்புபவரா மறுப்பவரா என்பது புறவேறுபாடே. ஊர்ப்பேச்சை ஏற்காமலும் எறியாமலும் தடயமாகக் கொள்ளும் பண்பே அவரை நாயகராக்குகிறது. அறவண அடிகள் ஐதிகத்தை அனுமானத்துள் அடக்கியது அப்பண்பின் இலக்கணம். அச்சில் வந்ததும் ஊர்ப்பேச்சாக இருக்கலாம் என்பதை மறந்தமையால், ஐயமே தொழிலாகக் கொண்ட ஹோம்ஸ் ஒரு தீவின் மக்களுக்கு எதிராகப் பொய்ச்சாட்சியை ஏற்றார். அடுத்து எழுதப்படும் துப்பறிவாளர் நூலகத்திலும் துப்பறிய வேண்டும். கேள்விக்கும் காட்சிக்கும் அனுமானத்துக்கும் தனித்தனி ஈறுகளை வழங்கியுள்ள மொழியில் எழுதுவோர்க்கும் பெயர்ப்போர்க்கும் அக்கடமை ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் காத்திருக்கிறது.